இளவேனில் விதைப்பு: காலண்டரை நம்பி, மண்ணை மறப்பதால் வரும் தவறுகள்

குளிர் விலகி நாலு நாள் நல்ல வெயில் அடித்ததுமே விதைப் பொட்டலத்தைப் பிரிக்கத் தோன்றும். பெரும்பாலான தோட்டங்களில் முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. காற்று சீக்கிரம் சூடாகிவிடும், மண் அப்படியில்லை. ஈரம் கோத்த களிமண் என்றால் இன்னும் தாமதமாகும். அந்தக் குளிர்ந்த மண்ணில் போட்ட பீன்ஸ், வெண்டை, வெள்ளரி விதைகள் நீரை உறிஞ்சி ஊதும். முளைக்கப் போதுமான சூடு இல்லாமல் அப்படியே அழுகும். பழி மட்டும் விதை மேல் விழும்.

மண் வெப்பமானியை 5 செ.மீ. ஆழத்தில் செருகி, காலையில் பாருங்கள். மதியம் பார்க்கும் அளவு ஏமாற்றும். பட்டாணி, பசலை (கொடிப்பசலை அல்ல, ஸ்பினாச்), முள்ளங்கி ஆகியவை 7 முதல் 10 டிகிரி செல்சியஸிலேயே முளைக்கும். பீன்ஸுக்கு 15 டிகிரியாவது வேண்டும். வெண்டை, வெள்ளரி, பூசணிக்கு 18 முதல் 20 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் நல்லது. லெட்யூஸ் நேர்மாறு: மண் 27 டிகிரியைத் தாண்டினால் பல ரகங்கள் முளைக்காமல் உறங்கிவிடும்.

ஈர மண்ணைக் கொத்துவதும் அவசரத்தின் வேலைதான். ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்து விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் கொத்தலாம். கொழுக்கட்டை மாவு போல உருண்டு நின்றால் கருவியைத் தொட வேண்டாம். அப்போது கொத்தினால் மண்ணின் காற்றுத் துளைகள் அடைபட்டு, காய்ந்தபின் கட்டி கட்டியாக இறுகிவிடும். அந்தச் சேதம் அந்தப் பருவம் முழுக்க வேரைப் படுத்தும்.

உள்ளே நாற்று விடுபவர்கள் கடைசி உறைபனி எப்போது இருக்கும் என்பதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். தக்காளிக்கு 6 முதல் 8 வாரம், மிளகாய், கத்தரிக்கு 8 முதல் 10 வாரம், வெள்ளரி, பூசணிக்கு 3 அல்லது 4 வாரம் போதும். முந்திப் போட்டால் முந்திக் காய்க்கும் என்ற கணக்கு இங்கே பலிக்காது. குழித்தட்டில் வேர் சுருண்டு முதிர்ந்த நாற்று, நட்டபின் திகைத்து நிற்கும்; பின்னால் விதைத்த இளநாற்று அதைத் தாண்டிப் போய்விடும். கேரட், முள்ளங்கி இரண்டையும் நாற்றாக்கவே கூடாது. ஆணிவேர் சேதப்பட்டால் கிழங்கு கிளைத்துக் கோணிவிடும்.

நாற்றுத் தட்டில் அதிக உயிர்களைப் பறிப்பது நாற்றழுகல். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று, இன்று தண்டின் அடி மெலிந்து சாய்ந்து கிடக்கும். ரைசோக்டோனியா போன்ற பூஞ்சைகள், பித்தியம் போன்ற பூஞ்சையை ஒத்த நுண்ணுயிர்கள் ஆகியவற்றின் வேலை இது. வந்த நாற்றைக் காப்பாற்ற வழியில்லை; தடுக்க மட்டுமே முடியும். பழைய தட்டுகளைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். தோட்டத்து மண்ணை அப்படியே நிரப்பாமல், தென்னை நார்க்கழிவும் சலித்த மண்புழு உரமும் கலந்து நிரப்பலாம். நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால் முதலில் நன்றாக அலசிவிடுங்கள். விதைகளை நெருக்கிக் கொட்டாதீர்கள். தட்டைத் தண்ணீரில் 15, 20 நிமிடம் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, மிச்சத்தை வடித்துவிடுங்கள். மேல்பரப்பு லேசாக வறண்டபின் அடுத்த தண்ணீர். முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிட வேண்டும். காற்றோட்டத்தை விடச் சிறந்த மருந்து இதற்கு இல்லை.

அடுத்தது வெளிச்சம். ஜன்னலோரம் நமக்குப் பளிச்சென்று தெரிந்தாலும் நாற்றுக்கு அது போதாது. தண்டு நூலாக நீண்டு ஒருபக்கமாய் வளைந்தால் காரணம் அதுதான். கூடவே அறைச் சூடும் சேர்ந்தால் இன்னும் வேகமாக நீளும். எல்இடி குழல் விளக்கை நாற்றின் உச்சிக்கு மேல் 10 செ.மீ. அளவில் தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். வளர வளர விளக்கை உயர்த்துங்கள். நீண்டுபோன தக்காளி நாற்றை மறுநடவில் வித்திலை (முளைத்ததும் முதலில் விரியும் இலை) வரை புதைத்தால் தண்டிலிருந்து வேர் விடும். இந்தச் சலுகை எல்லாப் பயிருக்கும் கிடையாது.

உள்ளே வளர்ந்த நாற்றை நேராக வெயிலில் நட்டால் இலை வெளுத்துக் கருகும். 7 முதல் 10 நாள் பழக்குங்கள்: முதல் நாள் நிழலில் ஒன்றிரண்டு மணி நேரம், பிறகு காலை வெயில், கடைசி நாள்களில் இரவிலும் வெளியே. காற்று பலமாக வீசும் நாளில் வேண்டாம்.

நேரடி விதைப்பில் ஆழம்தான் பெரும்பாலும் தவறும். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். லெட்யூஸ் விதையைத் தூவி அழுத்திவிட்டால் சரி. அதற்கு வெளிச்சம் பட வேண்டும். கேரட் முளைக்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். அதற்குள் மேல்மண் இறுகினால் முளை வெளியே வராது, எனவே பூவாளியால் மென்மையாக நனைத்துக்கொண்டே இருங்கள். முளைத்தபின் நெருக்கமான நாற்றுகளைக் கலைக்க (குறைக்க) மனம் வராது. ஆனால் 4, 5 செ.மீ. இடைவெளி விட்டுக் கலைக்காத பாத்தியில் இலை மட்டுமே மிஞ்சும். பக்கத்து வேர் அசையாதிருக்க, பிடுங்காமல் கத்தரியால் வெட்டிவிடுங்கள்.

பழைய விதை என்றால் 10 விதையை ஈரத்துணியில் சுற்றிச் சூடான இடத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்துக்கும் குறைவாக முளைத்தால் புதிது வாங்குவதே மேல். வெங்காய விதை ஓரிரு ஆண்டுகளிலேயே வீரியம் இழக்கும். தக்காளி விதை நாலைந்து ஆண்டு தாங்கும்.

மற்றப் பருவ வேலைகளிலும் முந்திக்கொள்ள வேண்டாம். இளவேனிலில் பூக்கும் புதர்களை இப்போது கவாத்து செய்தால் மொட்டுகள் போய்விடும். பூத்து முடிந்ததும் வெட்டுங்கள். மட்காத சாணத்தைக் கேரட் பாத்தியில் போடாதீர்கள், கிழங்கு பிளவுபடும். குளிர்ந்த மண் மேல் தடிமனாக மூடாக்கு (மண்ணை மூடும் சருகு, வைக்கோல்) போட்டால் அந்தக் குளிரே உள்ளே நிற்கும். மண் சூடேறி, நாற்று ஒரு சாண் உயர்ந்தபின் 5 செ.மீ. கனத்தில், தண்டை ஒட்டாமல் பரப்புங்கள்.