'லவ் ஆக்சுவலி' நல்ல படமா, மோசமான படமா? வாதத்தில் இறங்கும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்தால் 'லவ் ஆக்சுவலி' சண்டையும் கூடவே பிறந்துவிடும். ஒரு தரப்புக்கு அந்தப் படம் இல்லாமல் கிறிஸ்துமஸே இல்லை. இன்னொரு தரப்புக்கு அதைப்போல எரிச்சலூட்டும் காதல் படம் வேறு கிடையாது. ரிச்சர்ட் கர்ட்டிஸ் முதன்முதலாக இயக்கிய இந்த பிரிட்டிஷ் காதல் நகைச்சுவைப் படம் 2003 நவம்பரில் வந்தது. இருபது வருஷம் தாண்டியும் ரசிகர்கள் கட்சி பிரிந்து நிற்கிறார்கள். நிற்கட்டும். ஆனால் இரண்டு கட்சியும் ஒரே மாதிரித் தவறுகளைத்தான் செய்கின்றன.

எல்லாவற்றுக்கும் மூலம், மொத்தப் படத்துக்கும் சேர்த்து ஒரே மார்க் போடுவது. 135 நிமிடப் படத்துக்குள் ஏறக்குறைய பத்துக் கதைகள் ஓடுகின்றன. "மனசைத் தொட்டுவிட்டது" என்று சொல்பவர் எம்மா தாம்ப்சனை நினைத்துச் சொல்கிறார். "சகிக்கவில்லை" என்று சொல்பவர், தன் பிரிட்டிஷ் உச்சரிப்புக்கே பெண்கள் மயங்குவார்கள் என்று நம்பி அமெரிக்காவின் விஸ்கான்சினுக்கு விமானம் ஏறும் காலினை நினைத்துச் சொல்கிறார். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கவே இல்லை, ஆனாலும் மணிக்கணக்கில் மோதிக்கொள்கிறார்கள். எந்தக் கதையைச் சொல்கிறீர்கள் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, காதல் நகைச்சுவை என்றால் எல்லாருக்கும் சுபம் போட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. "கேரனுக்கு (எம்மா தாம்ப்சனின் பாத்திரம்) இப்படி ஆகியிருக்கக் கூடாது" என்பது ரசிகரின் வருத்தமாக இருக்கலாம், படத்தின் குறையாகாது. அந்தக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கணவரின் கோட்டுப் பையில் ஒரு நெக்லஸ் இருப்பதை கேரன் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். பரிசைப் பிரிக்கும்போது தனக்கென்று வந்திருப்பது பாடகி ஜோனி மிட்செலின் சிடி. நகை வேறொருத்திக்குப் போயிருக்கிறது என்பது அந்த நொடியில் புரிகிறது. படுக்கையறைக்குப் போகிறாள். பாட்டு ஓடுகிறது, அதுவும் மிட்செல் 2000-இல் முதிர்ந்த குரலில் திரும்பப் பாடிய வடிவம். வசனம் ஒன்றுகூட இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, படுக்கை விரிப்பை நீவிச் சரிசெய்துவிட்டு, பிள்ளைகளிடம் சிரித்த முகத்தோடு வருகிறாள். என்னைக் கேட்டால் படத்தின் உச்சம் இதுதான். லாரா லின்னியின் கதையும் இதே ரகம். காதலனோடு தனித்திருக்கும் நேரத்திலும், மனநலம் குன்றிய சகோதரனிடமிருந்து போன் வந்தால் எடுக்கிறாள், காதல் கைநழுவிப் போகிறது. இவை கர்ட்டிஸ் தெரிந்தே எழுதிய தோல்விகள். "படம் காதலை இனிப்பாக மட்டும் காட்டுகிறது" என்று குற்றம் சாட்டுபவர்கள் இந்த இரண்டையும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இதற்கு நேர் எதிர்த் தவறு ரசிகர்களுடையது. எதைச் சுட்டிக்காட்டினாலும் "படம் காட்டத்தான் செய்கிறது, சரி என்று சொல்லவில்லையே" என்று தப்பிப்பது. அட்டைக் காட்சிக்கு இந்தச் சமாதானம் செல்லாது. நெருங்கிய நண்பனின் புது மனைவி ஜூலியட்டிடம் (கீரா நைட்லி), நண்பன் வீட்டுக்குள் இருக்கும்போதே, வாசலில் நின்று எழுத்தட்டைகளைக் காட்டிக் காதலைச் சொல்கிறான் மார்க். வந்திருப்பது கிறிஸ்துமஸ் கேரல் பாடகர்கள் என்று கணவனிடம் பொய் சொல்லவும் வைக்கிறான். பின்னணி இசை அவன் பக்கம். கடைசியில் அவள் ஓடிவந்து ஒரு முத்தமும் கொடுக்கிறாள். படம் இதை ஆமோதிக்கிறது, சந்தேகமே வேண்டாம். 2023-இல் கர்ட்டிஸே அந்தக் காட்சி கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் இங்கே எதிர்த்தரப்பும் சறுக்குகிறது. படப்பிடிப்பின்போது கீரா நைட்லிக்கு வயது 17 என்பதைத் துருப்புச்சீட்டாக இறக்குகிறார்கள். அது நடிகையின் வயது. மார்க் செய்வது தப்பென்றால், ஜூலியட்டுக்கு முப்பது வயதானாலும் அது தப்புதான்.

பிரதமர் கதையில் இன்னொரு வேடிக்கை. பிரிட்டிஷ் பிரதமராக வரும் ஹ்யூ கிராண்ட் அமெரிக்க அதிபரைப் பத்திரிகையாளர்கள் முன்னால் மடக்கும் காட்சிக்கு இன்றும் கைதட்டல் உண்டு. 2005-இல் நிஜப் பிரதமராக இருந்த டோனி பிளேர் தன் கட்சி மாநாட்டுப் பேச்சிலேயே அதைக் குறிப்பிட்டார். கைதட்டுபவர்கள் அதற்கு முந்தைய காட்சியையும் பிந்தையதையும் விட்டுவிடுகிறார்கள். பிரதமருக்குக் கோபம் வருவது அதிபர், தன் அலுவலகப் பணிப்பெண் நாட்டலியிடம் அத்துமீறுவதைப் பார்த்த பிறகு. அதற்கப்புறம் வேலை மாற்றப்படுவது யார் தெரியுமா? அதே நாட்டலி. அவளைக் குண்டு என்று கேலி செய்யும் வசனங்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

"அந்தக் காலத்தில் எல்லாரும் ரசித்தார்கள், இன்றைய தலைமுறைக்குத்தான் தொட்டதெல்லாம் குற்றம்" என்பதும் உண்மையல்ல. 2003-லேயே விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்குக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார். நியூயார்க் டைம்ஸில் ஏ.ஓ. ஸ்காட் கிழித்துத் தொங்கவிட்டார். பிளவு முதல் வாரத்திலேயே இருந்தது.

விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதத்தை மார்க்காகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 60 சதவீதம் என்றால் நூற்றுக்கு அறுபது மார்க் அல்ல, விமர்சகர்களில் நூற்றுக்கு அறுபது பேர் "பார்க்கலாம்" என்றார்கள் என்று அர்த்தம். எவ்வளவு பிடித்தது என்பது அதில் தெரியாது. விமர்சகர் சதவீதத்தை வைத்து ஜனங்களின் ரசனையை அளப்பதும் வீண். இதே பாணியில் கேரி மார்ஷல் 2010-இல் எடுத்த 'வேலன்டைன்ஸ் டே'க்கு அங்கே இருபதுகூடத் தேறவில்லை. உலக அளவில் வசூல் 20 கோடி டாலரைத் தாண்டியது.

கடைசியாக, எந்த வடிவத்தைப் பார்த்தீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மார்ட்டின் ஃப்ரீமன் வரும் கதையில் உடையில்லாக் காட்சிகள் அதிகம் என்பதால் சில டிவி ஒளிபரப்புகளில் அந்த ஜோடியே காணாமல் போய்விடும். பெண்ணும் பெண்ணும் காதலிக்கும் கதை ஒன்றுகூட இல்லையே என்பது நியாயமான புகார். ஆனால் எழுதவே இல்லை என்று சொன்னால் தவறு. ஒரு பள்ளித் தலைமையாசிரியையும் மரணப்படுக்கையில் இருக்கும் அவருடைய துணைவியும் வரும் காட்சிகளைப் படமாக்கியிருந்தார்கள். எடிட்டிங்கில் தூக்கிவிட்டார்கள். காலினின் விஸ்கான்சின் பயணத்தை வைத்துக்கொண்டு இதை வெட்டியது ஏன் என்று கேளுங்கள், அது உருப்படியான சண்டை.