அட்டிக்கில் குட்டி போட்ட ரக்கூன்

டொரொன்டோவில் உள்ள எங்கள் வீட்டு அட்டிக்கில் (கூரைக்கு அடியிலுள்ள பரணில்), மே மாதம் முழுவதும் இருட்டியபின் இரவில் திரியும் வட அமெரிக்க விலங்கான ரக்கூனின் கனத்த காலடிச் சத்தம் கேட்டது. விளக்கை எரியவிட்டும் வானொலியை அலறவிட்டும் பயனில்லை. அதைப் பிடித்துத் தொலைவில் விடவும் வழியில்லை. ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி 1 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் விடக்கூடாது.

நுழைவழியைக் காட்டிக்கொடுத்தது, மழைநீர்க் குழாயில் மேல்நோக்கிச் சென்ற, விரல்கள் பதிந்த கறுத்த பிசுக்குத் தடம். அது முடிந்த இடத்தில் கூரை விளிம்பின் அடிப்பலகை நெகிழ்ந்திருந்தது. உள்ளிருந்து பறவைக்குஞ்சுகளின் கீச்சொலி போலக் கேட்டது குட்டிகளின் குரல். தாயை மட்டும் வெளியே விட்டு அடைத்திருந்தால் அவை பட்டினியில் செத்திருக்கும், தாயும் கூரையைப் பிய்த்திருக்கும்.

வனவிலங்குகளை அகற்றும் பணியாளர் குட்டிகளைக் கையுறையணிந்து எடுத்து, துளைக்கு வெளியே பெட்டியில் வைத்து, வெளியே போகமட்டும் திறக்கும் ஒருவழிக் கதவைத் துளையில் பொருத்தினார். வெளியே வந்த தாய் அவற்றை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விட்டது. பிறகு துளையைத் துத்தநாகம் பூசிய கம்பிவலையால் மூடினோம். ரக்கூனின் விரல்களுக்கு ஆணி தாங்காது, வாஷரோடு திருகாணிதான் வேண்டும்.