எண் கோலத்துக்கு 31 ஈர்க்குத் துண்டுகள்

எண் கோலத்தில், அதாவது ஒரு விதிப்படி வரும் எண் வரிசையில், முதல் இரண்டு எண்களை மட்டும் பார்த்து விடை எழுதுவதுதான் பிள்ளைகள் வழக்கமாக விடும் பிழை. 2, 4, 8 என்றால் அடுத்தது 10 என்பார்கள்! எண்களுக்கு இடையே வில் போட்டு +2, +4 என்று எழுதச் சொல்லுங்கள்; வித்தியாசம் மாறுவது உடனே தெரியும்.

விதியாக "3 ஆல் கூடுகிறது" என்பது போதாது. 4, 7, 10 உம் 5, 8, 11 உம் 3 ஆல்தான் கூடுகின்றன. "4 இல் தொடங்கி 3 ஆல் கூடுகிறது" என முழுதாகச் சொல்லட்டும்.

இதே 4, 7, 10 கோலத்தின் பத்தாவது எண்ணைக் கேட்டால்தான் உண்மையான சிக்கல். 5 சென்ரிமீற்றர் ஈர்க்குத் துண்டுகள் 31 வெட்டுங்கள். (கொழும்பு வெள்ளவத்தை அடுக்குமாடியில் தென்னோலைக்கு எங்கே போவது? விளக்குமாற்றில் நாலைந்து ஈர்க்கு உருவினால் சரி.) சதுரங்களை ஒட்டி ஒட்டி வரிசையாக அடுக்குங்கள். முதல் சதுரத்துக்கு 4 துண்டு. ஒரு பக்கம் பொதுவாக இருப்பதால் பிறகு ஒவ்வொன்றுக்கும் 3. பத்துச் சதுரத்துக்கு 4 + 9 × 3 = 31.

40 என்று சொல்லும் பிள்ளை பொதுப் பக்கத்தை இருமுறை எண்ணியிருக்கிறது. 34 என்றால், 9க்குப் பதிலாக 10 தடவை 3ஐக் கூட்டியிருக்கிறது. அடுக்கிய சதுரங்களுக்கு இடையிலுள்ள பொதுப் பக்கங்களை விரலால் தொட்டு எண்ணச் சொல்லுங்கள்: ஒன்பதுதான் வரும்.