கணக்கு புரொபசர் மந்திரியான கதைய எழுதணும்னா எப்படி ஆரம்பிக்கிறது

கணிதப் பேராசிரியர், துணைவேந்தர், மந்திரி, செனட்டர்னு இத்தன வேஷம் கட்டின ஒருத்தரப் பத்தி செமினாருக்கோ விக்கிப்பீடியாவுக்கோ எழுதப் போறீங்கன்னு வச்சுக்கோங்க. நைஜீரியாவோட ஈயா அபூபக்கரையே எடுத்துக்கலாம், எழுதுறவங்க சறுக்குற எடம் எல்லாம் இவர்கிட்ட இருக்கு.

மொதல்ல பேரு. சும்மா அபூபக்கர், அடமாவா (அவரோட மாநிலம்)ன்னு தேடினா கூகுள் உங்கள நேரா அட்டிக்கு அபூபக்கர்கிட்ட கொண்டுபோய் விட்டுரும். அவரும் அடமாவாக்காரர், 1999 - 2007 துணை ஜனாதிபதி, நம்மாளு அடமாவா வடக்கு செனட்டரா இருந்ததும் அதே 1999 - 2007தான், ரெண்டு பேரும் பிடிபிங்கிற ஒரே கட்சி சார்பா ஜெயிச்சவங்க வேற. அதனால முழுப்பேரோட ஜாரியா, அஹ்மது பெல்லோ பல்கலைக்கழகம்னும் (ஜாரியா நகரத்துல இருக்கிற இந்தப் பல்கலைக்கழகத்துலதான் அவர் துணைவேந்தர்) சேர்த்துப் போட்டுத் தேடுங்க. ஆய்வுக் கட்டுரைகள்ல அவர் வெறும் ஐ. அபூபக்கர்.

கணிதப் பகுதிய "மேதை"ன்னு ஒரு வார்த்தைல முடிச்சுட்டுப் போகாதீங்க, பாதிப் பேர் அதத்தான் பண்றாங்க. கேம்பிரிட்ஜ்ல பிஎச்டி, 1960கள் தொடக்கத்துல வந்த பேப்பர்கள் கரடுமுரடான பரப்புல மீள் அலைகள் பட்டு எப்படிச் சிதறுதுங்கிறதப் பத்தி, அதாவது பூகம்ப அலை சம்பந்தப்பட்ட கணக்கு. இத மேத்சைநெட், இசட்பிமேத் மாதிரி கணித ஆய்வுக் கட்டுரைகளப் பட்டியல் போடுற தளங்கள்ல பார்த்து எழுதுங்க, பத்திரிகை செய்திய நம்பி எழுதினா மாட்டிக்குவீங்க. உதாரணத்துக்கு இன்னொரு நைஜீரியக் கணிதவியலாளர் சிகே ஓபி, டைனமிக் பார்ட்டின்னு சொந்தமா கட்சியே நடத்தினவர், நிரூபிக்க ரொம்பக் கஷ்டம்னு பேர்போன ஃபெர்மாவோட கடைசித் தேற்றத்துக்கு எளிமையான நிரூபணம் கண்டுபிடிச்சதா 1990கள்ல பெருசா பேசப்பட்டுச்சு, ஆனா விமர்சனம் பண்ணின கணிதக்காரங்க அது தப்புன்னு சொல்லிட்டாங்க.

பொறந்த ஊர் விஷயத்துல, இவர் பொறந்த 1934ல அடமாவா மாநிலமே கெடையாது, 1991லதான் வந்துச்சு, "இப்போதைய அடமாவா"ன்னு போட்டுருங்க.

இப்பதான் முக்கியமான வேல. ஒரு தாள நடுவுல கோடு போட்டு ஒரு பக்கம் அவர் வகிச்ச பதவி, இன்னொரு பக்கம் அந்த வருஷம் நாட்ட யார் ஆண்டாங்கன்னு எழுதுங்க. 1975: அந்தப் பக்கம் ஜூலைல ராணுவப் புரட்சி, ராணுவத் தளபதி முர்தலா முகமது ஆட்சிக்கு வர்றார், மாகாணப் பல்கலைக்கழகங்கள மத்திய அரசு எடுத்துக்குது, இந்தப் பக்கம் நம்மாளு ஜாரியால துணைவேந்தர். 1978: மாணவர் கட்டண உயர்வுக்கு எதிரா "அலி மஸ்ட் கோ" (அப்போதைய கல்வித் துறைத் தலைவர் அஹ்மது அலி போகணும்னு அர்த்தம்) போராட்டம், ஜாரியால துப்பாக்கிச் சூடு, மாணவர்கள் சாவு, அவர் பதவிக்காலமும் அதே வருஷம் முடியுது. 1979: ஜனாதிபதித் தேர்தல்ல ஷெகு ஷகாரி ஜெயிக்கிறார், இவர் பாதுகாப்பு மந்திரி, அப்புறம் உள்துறை. அதே மந்திரிசபைல வெளியுறவுத் துறை யார்கிட்டன்னா இஷாயா ஆவுடு, தொழில்ல குழந்தை டாக்டர், அபூபக்கருக்கு முன்னாடி அதே ஜாரியால துணைவேந்தரா இருந்தவர்!

ஆக "கணக்க விட்டுட்டு அரசியலுக்குத் தாவிட்டார்"ங்கிற கதை நிக்காது. என்னக் கேட்டா துணைவேந்தர் நாற்காலிதான் அவரோட மொத அரசியல் பதவி, வடக்கு நைஜீரியால படிச்ச ஆளுங்க அந்த வழியாதான் மேல போனாங்க, உங்க கட்டுரையோட நடுப்பகுதி ஜாரியாவா இருக்கணும், செனட் பகுதிக்கு ஒரு பத்தி போதும். 1978க்கு மட்டும் நிர்வாகம் சொன்னது, மாணவர் தரப்பு சொன்னது ரெண்டையும் தேடி எடுத்து தனித்தனியா யார் சொன்னதுன்னு குறிச்சு எழுதுங்க.

ஷகாரி ஆட்சியக் கவிழ்த்த 1983 டிசம்பர் 31 ராணுவப் புரட்சிக்கும் 1999க்கும் நடுவுல நெறைய வாழ்க்கைக் குறிப்புகள் காலியா இருக்கும். அத ஒடனே "அரசியல விட்டு ஒதுங்கினார்"னு நிரப்பிடாதீங்க, 1992 - 93ல கொஞ்ச நாள் தவிர அப்ப நாட்டுல தேசிய சட்டமன்றமே இல்ல.