ஒரு கணினிக்கு மட்டும் நெட்வேர்க் இல்லையா? வயரிலிருந்து தொடங்குங்கள்

பக்கத்து மேசைக் கணினி வேலை செய்கிறதா? இல்லையென்றால் பிழை உங்கள் கணினியில் இல்லை. ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் இணைப்புத் தந்த நிறுவனத்துக்கு அறிவியுங்கள். ஒரு கணினி மட்டும் நின்றுபோனால் கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

1. கணினியின் பின்புறம், வயர் செருகும் துளையில் சிறு விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் விண்டோஸைத் தொடாதீர்கள். வேலை செய்கிற கணினியின் வயரைக் கழற்றி இதில் செருகுங்கள். எரிந்தால் பிழை பழைய வயரிலோ சுவிட்சில் (எல்லாக் கணினிகளின் வயரும் வந்து சேரும் பெட்டி) அது செருகியிருக்கும் துளையிலோ; வேறு துளைக்கு மாற்றினால் தெரிந்துவிடும். அப்போதும் எரியாவிட்டால் கணினியின் துளை செத்திருக்கலாம். யாழ்ப்பாணத்தில் ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்குப் பிறகு இது நடக்கும். மற்றதெல்லாம் நன்றாக ஓடும். மதர்போர்ட் மாற்றத் தேவையில்லை, யூஎஸ்பியில் செருகி நெட்வேர்க் வயர் போடும் லான் அடாப்டர் போதும்.

2. குருநகர், பாசையூர் மாதிரிக் கடற்கரைப் பக்கம் என்றால் வயர் முனையிலுள்ள பிளக்கின் பித்தளை நிறப் பின்கள் கறுத்திருக்கிறதா பாருங்கள். கறுத்திருந்தால் அதை வெட்டிவிட்டுப் புதுப் பிளக் அடிக்க வேண்டும். கிளிப் கீழே, வயர் உங்கள் பக்கம். இடமிருந்து வலம்: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம்.

பச்சைச் சோடியின் நடுவே நீலச் சோடி வருவதைக் கவனியுங்கள். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பச்சை இரண்டையும் பக்கத்தில் வைத்து, இரு முனையிலும் அப்படியே அடித்தால், வயர் சோதிக்கும் டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் 3ஆம், 6ஆம் பின்கள் ஒரே முறுக்குச் சோடியில் வராததால் சிக்னல் குழம்பும். குட்டி வயரில் தெரியாது. நீள வயரில் விட்டுவிட்டு அறுந்துபோகும். டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவு வயரும் வேண்டாம், முழுச் செம்பே வாங்குங்கள்.

3. விளக்கு எரிகிறது, இணைப்பு மட்டும் இல்லை என்றால் விண்டோஸ் விசையையும் R விசையையும் சேர்த்து அழுத்தி, சிஎம்டி (cmd) என்ற கட்டளைத் திரையைத் திறந்து, 'ஐபிகொன்ஃபிக்' (ipconfig) அடியுங்கள்.

அதில் கணினியின் முகவரி (IPv4) 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை. கரண்ட் போய் வந்தபோது ரவுட்டருக்கு முன் கணினி எழும்பியிருக்கலாம். 'ஐபிகொன்ஃபிக் ஸ்லாஷ் ரினியூ' (ipconfig /renew) அடித்தால் சரிவரும்.

இதைவிடத் தொல்லை, மற்றக் கணினிகளுக்கு 192.168.1 என்றிருக்க, இதற்கு மட்டும் 192.168.0 என்று வருவது. ஃபோனுக்கு வைஃபை வேண்டுமென்று யாரோ பழைய ரவுட்டர் ஒன்றை சுவிட்சில் செருகியிருப்பார்கள். இரண்டும் முகவரி வழங்கும். முந்திப் பதில் சொன்னதைக் கணினி எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ரீஸ்டார்ட் செய்தால் ஒருநேரம் வரும், ஒருநேரம் வராது. அந்தப் பெட்டியைக் கழற்றுங்கள். வேண்டுமென்றால் அதன் டிஎச்சிபியை (முகவரி வழங்கும் வேலையை) நிறுத்தி, அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்பதுபோல வேறு யாருக்கும் இல்லாததாக மாற்றி, லான் துளையில் செருகுங்கள்.

4. முகவரி சரியென்றால் அதே திரையில் 'பிங்' (ping, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போட்டு ரவுட்டரையும், அடுத்து கூகுளின் 8.8.8.8ஐயும் பாருங்கள். இரண்டும் பதில் தந்தும் தளங்கள் திறக்காவிட்டால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக்கும் சேவை) அமைப்பை மாற்றுங்கள். பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் கணினியின் திகதியைப் பாருங்கள். பழைய திகதிக்குப் போயிருந்தால் மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பற்றரி முடிந்திருக்கும்.

விண்டோஸின் 'நெட்வேர்க் ரீசெட்' கடைசி வழி. கையால் போட்ட முகவரிகள் அழிந்துவிடும். முன்பே ஃபோனில் படம் எடுத்து வையுங்கள்.

பின்சேர்க்கை: இன்டர்நெட் வருகிறது, பொது ஃபோல்டர் மட்டும் தெரியவில்லை என்றால் நெட்வேர்க் 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருக்கலாம். செட்டிங்ஸில் 'பிரைவேட்' ஆக்குங்கள்.