ஜெபத்தோடு ஒரு கையுதவியும்

பக்கத்து வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால், "ஜெபிக்கிறோம், ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். அப்படிச் சொன்னால் பெரும்பாலும் யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். அதற்குப் பதில், "நாளைக்குப் பிள்ளைகளை நானே ஸ்கூலில் விட்டுடறேன், எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று ஒரு வேலையைக் குறிப்பாகச் சொல்லுங்கள். 'பசியாறுங்கள்' என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன பயன் என்று பைபிளில் யாக்கோபு 2:16 கேட்பதும் இதைத்தான். ஜெபத்தை விட்டுவிடாதீர்கள், வீட்டில் அவர்கள் பெயரைச் சொல்லியே ஜெபியுங்கள்.

உதவப் போன இடத்தில் பிரசங்கம் வேண்டாம், மதத் துண்டுப் பிரசுரமும் வேண்டாம். கஷ்டத்தில் இருப்பவரிடம் அது கூலி கேட்பது போலாகிவிடும். உங்கள் விசுவாசத்தைப் பற்றி அவர்களாகவே கேட்டால், 1 பேதுரு 3:15 சொல்கிறபடி சாந்தமாகப் பதில் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி விசாரியுங்கள். வருகிறவர்கள் எல்லோரும் வந்துபோன பிறகுதான் உண்மையில் ஆள் தேவைப்படும்.