கனவிடம் யோசனை கேட்பது எப்படி: லயத்துக் காம்பராவிலும் செய்யக்கூடிய ஒரு முறை

லொத்தர் சீட்டுக்கு நம்பர் தேடி இங்கே வந்தவர்கள் மன்னிக்கவும், அது இந்த முறையில் வராது. கொழும்புக்கு வேலைக்குப் போவதா, தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியிலேயே டீச்சராக இருப்பதா என்று நான் மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்த காலத்தில் பழகிக்கொண்ட முறை இது. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில், அதாவது காம்பராவில், படுக்கிறவர்களும் செய்யலாம். கனவு நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்கிறது என்று நான் நினைக்கவில்லை. பகலில் நாம் ஒப்புக்கொள்ளாமல் ஒதுக்கிவைக்கிற நினைப்பை ராத்திரியில் இழுத்துவந்து முன்னால் போடுகிறது. அந்த அளவுக்கு யோசனை கேட்டால் போதும்.

தேவையானவை

ஒரு 80 பக்கக் கொப்பி, ஒரு பென்சில். பேனா வேண்டாம். மல்லாந்து படுத்தபடி எழுதினால் குமிழ்முனைப் பேனா இரண்டு வரியில் நின்றுவிடும். ஜெல் பேனா என்றால் மழைக்காலத்தில் ஈரம் ஏறிய தாளில் மை பரவிக் கிடக்கும். கனவு எழுதுவதற்கென்றே போனில் செயலிகள் இருக்கின்றன, எனக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை. திரையைத் திறந்தால் வாட்ஸ்அப்பில் யாராவது ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பியிருப்பார்கள். கனவு அதோடு சரி.

படி 1: கேள்வியை எழுதிவிட்டுப் படுங்கள்

'போகவா, வேண்டாமா?' என்று கேட்காதீர்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்ல கனவுக்குத் தெரியாது. 'கொழும்பு என்றதும் எனக்கு எது உறுத்துகிறது?' என்பது போல எழுதுங்கள். ஒரே கேள்வி, ஒரே வரி. விளக்கை அணைத்த பிறகு அதையே நினைத்தபடி தூங்குங்கள்.

இது வேலை செய்யுமா என்று கேட்பவர்களுக்கு: டெய்ட்ரி பாரெட் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களை ஒரு வாரம் இப்படி ஒரு பிரச்சினையை நினைத்துக்கொண்டு தூங்கச் சொல்லிப் பார்த்து, 1993இல் முடிவை வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்தப் பிரச்சினையைப் பற்றிய கனவு வந்திருந்தது. மீதிப் பாதிக்கு வரவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் கிரிக்கெட்டும் கல்யாண வீட்டுச் சாப்பாடும் மட்டும்தான் வந்தது என்றால் உங்களிடம் ஒரு பிழையும் இல்லை.

படி 2: கண் விழித்ததும் அசையாதீர்கள்

விடியக்காலைக் கனவு பலிக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பலிக்கிறதோ இல்லையோ, நினைவில் நிற்பது அதுதான். தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாகப் போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கண்கள் வேகமாக அசையும் ஒரு கட்டம் உண்டு. சிக்காகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் 1953இல் அதைப் பற்றி எழுதினார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. முன்னிரவில் அது சில நிமிடம்தான். விடியவிடிய நீண்டுகொண்டே போகும். அதனால் கடைசி ஒரு மணித்தியாலத் தூக்கத்தை வெட்டினால் கனவில் ஒரு நல்ல பங்கையும் வெட்டிவிடுகிறீர்கள்.

விழித்ததும் புரண்டு படுக்காமல், கண்ணை மூடியபடியே, கடைசியாக வந்த காட்சியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். அதற்கு முன் எங்கே இருந்தேன், யார் கூட இருந்தார்கள் என்று. பிறகு கொப்பியை எடுங்கள்.

தூங்கப் போகும் முன் நிறையத் தண்ணீர் குடித்தால் இடையில் விழிப்பு வரும், கனவும் கையில் அகப்படும் என்று ஒரு யோசனை இணையத்தில் உலவுகிறது. ஜனவரி மாதம் நுவரெலியாவில், புல்லெல்லாம் உறைபனி பிடித்துக் கிடக்கும்போது, வெளியே இருக்கிற கக்கூசுக்குப் போய்ப் பார்த்திராதவர்கள் எழுதிய யோசனை அது.

படி 3: விடிந்ததும் வாசிக்க முடிகிற மாதிரி எழுதுங்கள்

ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானிக்கு ஒரு பரிசோதனைக்கான வழி தூக்கத்தில் வந்தது. பாதி ராத்திரியில் எழும்பிக் கிறுக்கிவைத்தார். காலையில் அவராலேயே அதை வாசிக்க முடியவில்லை. அடுத்த ராத்திரி அதே யோசனை திரும்ப வந்ததும், மனுசன் எழுதவே இல்லை, நேரே ஆய்வுகூடத்துக்குப் போய்விட்டார். இரண்டு தவளை இதயங்களை வைத்து, நரம்பு ஒரு வேதிப்பொருள் மூலம்தான் இதயத்துக்குச் செய்தி சொல்கிறது என்று காட்டினார். 1936இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. நமக்கு இரண்டாம் ராத்திரி கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அதனால் பெரிய எழுத்து, வரிக்கு நாலைந்து சொல், நிகழ்காலத்தில்: 'நிற்கிறேன், தேடுகிறேன்' என்று.

படி 4: பலன் கேட்க ஓடாதீர்கள்

எல்லாம் கெட்டுப்போகிற இடம் இதுதான், இதில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும்.

எனக்கு வந்த கனவு இது. ஹட்டன் ஸ்டேசனில் பதுளையிலிருந்து வந்த ரயில் நிற்கிறது. கையில் டிக்கெட் இருக்கிறது. முன்பள்ளிச் சாவியும் கையில் இருக்கிறது. சாவியை யாரிடம் கொடுப்பது என்று பிளாட்பாரம் முழுக்கத் தேடுகிறேன். ரயில் போய்விடுகிறது.

அப்பாயியிடம் சொன்னேன். "ரயிலத் தவறவிட்டா வந்த வாய்ப்பு போயிரும்டி, சுருக்கா கெளம்பு" என்றார். பக்கத்துக் காம்பரா அக்கா, சாவி கையில் இருந்தால் பதவி உயர்வு நிச்சயம் என்றார். பஞ்சாங்கத்தின் கனவுப் பலன் பக்கத்தைப் புரட்டினால் மூன்றாவதாக ஒன்று கிடைத்திருக்கும். பல் விழுந்தால் சாவு, பாம்பு கடித்தால் பீடை விலகும் என்று எல்லாருக்கும் ஒரே பலன். ராத்திரி பல்லைக் கடித்துக்கொண்டு தூங்குகிறவருக்கும் பல் விழுகிற கனவு வரலாமே? சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கெட்ட கனவைத் தோழி தேவந்தியிடம் சொன்னதும், குளத்தில் மூழ்கிக் காமவேளைக் கும்பிடு என்று உடனே பரிகாரம் வந்தது. 'பீடன்று', அது நமக்குப் பெருமை இல்லை, என்று ஒரே சொல்லில் அதை ஒதுக்கிவிட்டாள் கண்ணகி. நமக்கு அவ்வளவு தைரியம் வராது. அதனால் முதலில் எழுதிவிட்டு, பிறகு வீட்டில் சொல்லுங்கள்.

எழுத வேண்டியது மூன்று விஷயம். கனவில் எந்த நிமிடத்தில் மனம் அதிகமாகத் துடித்தது? அதே உணர்ச்சி இந்த இரண்டு மூன்று நாளில் விழித்திருக்கும்போது எப்போது வந்தது? கனவில் வந்த பொருட்களில் எது வெறும் நேற்றைய மிச்சம்?

மூன்றாவதை விடாதீர்கள். முந்தின நாள் கண்டதும் கேட்டதும் கனவுக்குள் புகுந்துவிடும் என்று ஃபிராய்டு 1900லேயே சொல்லியிருக்கிறார். ராத்திரி ரயில் கூவுகிற சத்தம் எங்கள் லயம் வரைக்கும் கேட்கும், ஆகவே ரயிலைத் தள்ளிவிட்டேன். ரயில் போனபோது எனக்குக் கவலையும் இல்லை, சந்தோசமும் இல்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது சாவியைத் தேடும்போதுதான். அதே படபடப்பு இரண்டு நாளுக்கு முன், ஒரு தாய் கொழுந்து எடுக்கப் போகிற அவசரத்தில் பிள்ளையை விட்டுவிட்டு, "நீங்களும் போயிட்டா யாரு டீச்சர் பாப்பா?" என்று கேட்டபோது வந்தது. ஆக, கொழும்பு என் பிரச்சினையே இல்லை. பிள்ளைகளை யார் பொறுப்பில் விடுவது என்பதுதான்.

படி 5: சின்னதாக ஒன்று செய்யுங்கள்

கனவை நம்பி வேலையை விடாதீர்கள், நகையை அடகு வைக்காதீர்கள், சம்பந்தத்தை முறிக்காதீர்கள். திருப்பி எடுக்கக்கூடிய ஒரு காரியம் மட்டும். நான் உதவிக்கு இருந்த அக்காவிடம் ஒரு வாரம் வகுப்பைக் கொடுத்துப் பார்த்தேன். பிள்ளைகள் என்னைத் தேடவே இல்லை. கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது. முடிவில் கொழும்புக்கும் போகவில்லை, ஹட்டன் டவுனிலேயே வேறு வேலை. அது தனிக் கதை.

பிறகு சேர்த்தவை

கொப்பியை வீட்டுக்காரர் வாசித்துவிடுகிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒரே காம்பராவில் ஆறு பேர் படுக்கிற இடத்தில் இது பெரிய பிரச்சினைதான். ஆட்களின் பெயரை எழுதாமல் ஒரு குறி போடுங்கள். மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகு தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடலாம். சேர்த்துவைத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை.

நாலரைக்கு எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளையை மடுவத்தில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) விட்டுவிட்டுக் கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறவர்கள் எப்போது எழுதுவது என்றும் கேட்டார்கள். எழுத வேண்டாம். அடுப்பு மூட்டும்போது கனவிலிருந்து மூன்று சொல்லை வாய்க்குள் சொல்லிக்கொள்ளுங்கள், தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் அதைப் பிடித்து மீதியை இழுக்கலாம்.

பிரஷர் மாத்திரைகளில் சிலதும், மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரைகளில் சிலதும் கனவை மாற்றும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். சாராயம் போட்டுவிட்டுப் படுத்தால் முன்னிரவில் கனவு அமுங்கி, விடியற்பக்கம் கண்டபடி வரும். அந்த ராத்திரிகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அதிகம் பேர் கேட்டது மலை சரிகிற கனவைப் பற்றி. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதிலிருந்து, மழை பிடித்தால் இந்தக் கனவு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே பயங்கரக் கனவு திரும்பத்திரும்ப வந்தால் மேலே சொன்ன கேள்விகள் உதவாது. பகலில் அந்தக் கனவின் முடிவை உங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றி எழுதி, தினமும் சில நிமிடம் அதை மனதில் ஓட்டிப் பாருங்கள். மருத்துவர்களும் பயன்படுத்துகிற முறை இது. தூங்கவே பயமாக இருந்தால் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது. ஆனால் சுவரிலோ தரையிலோ புது வெடிப்பு, கதவு திடீரென்று பூட்ட முடியாமல் போவது, மரம் சாய்வது, புதிதாகக் கலங்கல் ஊற்று கிளம்புவது, இதில் ஏதாவது கண்ணில் பட்டால் கனவு வந்ததா இல்லையா என்று பார்க்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறி, 117க்கு அழையுங்கள்.